சர்க்கரைவள்ளியிடம் உருளைக்கிழங்கின் மொறுமொறுப்பை எதிர்பார்க்கலாமா?

அடுப்படி கேள்வி – பதில்

பொங்கலுக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியதாக இருந்தது. கடைகளின் ஃப்ரீசரில் உருளைக்கிழங்கு ஃபிங்கர் சிப்ஸுக்குப் பக்கத்தில் சர்க்கரைவள்ளி சிப்ஸும் கட்லெட்டும் இடம்பிடித்துவிட்டன. தோட்டத்தில் விளைந்த கிழங்கை வீட்டிலேயே உறைய வைத்துப் பார்ப்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கடையில் வாங்கிய சர்க்கரைவள்ளி ஃபிங்கர் சிப்ஸை, உறையில் சொல்லியிருந்தபடியே பொரித்தேன். எண்ணெயிலிருந்து எடுத்தபோது மொறுமொறுப்பாக இருந்தது, ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிட்டது. உருளைக்கிழங்கு சிப்ஸ் இவ்வளவு விரைவில் தொய்வதில்லையே. சரக்கு பழையதா, என் பக்குவம் தவறா?
— வாசகி, திருப்பூர்

பதில்: சரக்கையும் பக்குவத்தையும் சந்தேகிப்பதற்கு முன், கிழங்கின் இயல்பைப் பாருங்கள். உருளைக்கிழங்கு கத்தரிக்காய், தக்காளி குடும்பத்தைச் சேர்ந்தது. அது மண்ணுக்குள் பருத்த தண்டு. சர்க்கரைவள்ளியோ வள்ளைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த கொடி. நாம் உண்பது அதன் பருத்த வேர். பச்சை உருளைக்கிழங்கு 100 கிராமில் சர்க்கரை 1 கிராம்கூட இராது, மாவுச்சத்து 15 கிராம் அளவில் இருக்கும். சர்க்கரைவள்ளியில் ரகத்துக்கு ரகம் வேறுபட்டாலும், ஈரப்பதம் மிகுந்த ஆரஞ்சு ரகங்களில் சர்க்கரை 4 கிராமை ஒட்டியும் மாவுச்சத்து 13 கிராமை ஒட்டியும் இருக்கும். மொறுமொறுப்பைத் தருவது மேற்பரப்பில் நீர் வற்றி இறுகும் மாவுச்சத்து. சர்க்கரையோ அதற்கு இரண்டு வகையில் குறுக்கே நிற்கிறது: முதலில், விரைவில் சிவந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதற்கு முன்பே நம்மை எண்ணெயிலிருந்து எடுக்க வைத்துவிடுகிறது, பிறகு, எடுத்து வைத்த துண்டின் மேல்தோலில் இருந்துகொண்டு, உள்ளிருந்து வரும் ஆவியையும் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது.

இது உற்பத்தியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பல நிறுவனங்கள் துண்டுகளின் மேல் அரிசி மாவோ, சோள மாவோ, மரவள்ளி மாவோ கலந்த மெல்லிய கரைசலைப் பூசி, ஒருமுறை அரைப்பதமாகப் பொரித்து, அதன் பிறகு உறைய வைக்கின்றன. உறையின் பின்புறம் உள்ள சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். கிழங்கும் எண்ணெயும் மட்டும் இருந்தால் அது விரைவில் தொய்யும். மாவுப் பூச்சு இருந்தால் இன்னும் சில நிமிடங்கள் தாங்கும். பூச்சு இருப்பதைக் கலப்படம் என்று எண்ண வேண்டாம். வாழைக்காய் பஜ்ஜிக்கு நாம் மாவு தோய்ப்பதும் இதே காரியந்தான், இங்கே பூச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. சிப்ஸை வெளியில் வைத்து இளக விடாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு எண்ணெயில் போடுங்கள். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், ஒரு ஈட்டுக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். உறைந்த துண்டுகளை வடைச்சட்டி நிறையக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்கி, பொரிவதற்குப் பதிலாக எண்ணெயில் ஊறும். எடுத்தபின் காகிதத்தின் மேல் குவிக்காமல், கம்பித்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். விருந்தாளிகள் வரும்வரை சூடாக இருக்கட்டும் என்று மூடிபோட்ட ஹாட்பாக்ஸில் வைப்பதுதான் பெருந்தவறு. உள்ளே சுழலும் ஆவி, இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் புழுங்க வைத்துவிடும். உப்பைத் தட்டில் பரிமாறும்போதே தூவுங்கள், முன்பே தூவினால் அது ஈரத்தை வெளியே இழுக்கும். ஏர் ஃப்ரையரில் செய்வதானால் கூடையைப் பாதி அளவுக்கு மட்டும் நிரப்பி, நடுவில் இருமுறை குலுக்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அது உருளைக்கிழங்கு ஆகாது. மேலே மெல்லிய பொருக்கு, உள்ளே வெண்ணெய்போல் மசியும் இனிய சதை என்பதுதான் நல்ல சர்க்கரைவள்ளி சிப்ஸின் இலக்கணம் என்பது என் கருத்து. உடைத்தால் மளுக்கென்று முறிய வேண்டும் என்று அதனிடம் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இந்த முறை கிழங்கு நிறைய விளைந்தது. வீணாகாமல் இருக்கட்டும் என்று தோல் சீவி, நீளத் துண்டுகளாக்கி, அப்படியே பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்தபோது கறுத்திருந்தது. பொரித்தால் தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று ஆகிவிட்டது. எங்கே தவறினேன்?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நானும் முதல்முறை இதையே செய்து, நான்கு கிலோ கிழங்கை மாட்டுத் தொட்டியில் கொட்டியிருக்கிறேன் என்பதால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நீங்கள் விட்டதில் முக்கியமான படி: உறைய வைப்பதற்கு முன் வெந்நீரில் போட்டெடுப்பது.

கிழங்கை வெட்டியதும், அதிலுள்ள நொதிகள் காற்றுடன் சேர்ந்து வெட்டுப்பரப்பைக் கறுக்க வைக்கத் தொடங்குகின்றன. குளிர் அந்த வேலையை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. வெந்நீரின் சூடுதான் நிறுத்தும். கொழகொழப்புக்குக் காரணம் வேறு. கிழங்கின் எடையில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. தொழிற்சாலையில் மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரிக் குளிர்காற்றை வீசித் துண்டுகளை நிமிடக்கணக்கில் உறைய வைப்பதால், பனித்துகள்கள் மிகச் சிறியவையாகவே உருவாகின்றன. வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரி. அதில் ஒரு பை கிழங்கு உறைந்து முடியப் பல மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரத்தில் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து செல்சுவர்களைக் கிழித்துவிடும், இளகும்போது அந்தக் கிழிசல்கள் வழியாக நீர் கொட்டும். நடுவில் மின்தடை வந்து பாதி இளகி மீண்டும் உறைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பைக்குள் வெண்பனி படிந்திருந்தால், அது உங்கள் கிழங்கிலிருந்து வெளியேறிய ஈரம்தான் என்று அறியலாம்.

அடுத்த முறை இவ்வாறு செய்யுங்கள். விரல் பருமனுக்குச் சற்றுக் குறைவாகச் சீராக நறுக்கி, உடனே தண்ணீரில் போட்டு, பால்போன்ற மாவுநீர் போகும்வரை அலசுங்கள். பிறகு கொதிக்காத வெந்நீரில், அதாவது பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் எழத் தொடங்கும் சூட்டில், ஏறத்தாழ 65 டிகிரியில், இருபது நிமிடம் ஊற வையுங்கள். இந்தச் சூட்டில் செல்களைப் பிணைக்கும் பெக்டின் என்ற பொருள் மாற்றமடைந்து, நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு இறுகுகிறது. நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது, சிறுவாணித் தண்ணீரில் சீக்கிரம் வெந்துவிடும் என்று கோவைப் பெண்கள் சொல்வார்களே, அதற்கும் பின்னால் இருப்பது இதே காரணம்தான். உப்புத் தண்ணீரில் பருப்புக்கு வரும் கேடு, இந்தக் கிழங்குக்கு நன்மையாக முடிகிறது. ஆகவே, இந்த ஒரு வேலைக்கு போர்வெல் தண்ணீரே நல்லது. அதன்பின் கொதிநீரில் இரண்டு நிமிடம் மட்டும் போட்டெடுத்து, ஈரம் உலரும்வரை துணியில் பரப்பி, அரிசி மாவையோ மரவள்ளி மாவையோ மெலிதாகத் தூவிப் பிசிறி, நடுத்தரச் சூட்டில் நிறம் மாறாமல் அரைப்பதமாகப் பொரித்து ஆற விடுங்கள். முற்றிலும் ஆறிய துண்டுகளை ஒன்றோடொன்று தொடாதபடி தட்டில் பரப்பி உறைய வைத்து, கல்போல் ஆனபிறகே பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். நேராகப் பையில் போட்டால் நடுவிலிருப்பவை மெதுவாக உறையும் என்பதற்காகவே இந்தத் தட்டு வேலை. இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொரிப்பதற்கு அண்மையில் தோண்டிய கிழங்கே ஏற்றது. தோண்டி இரண்டு, மூன்று வாரம் வைத்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும்; அவிக்கவும் சுடவும் அதைவிடச் சிறந்தது வேறில்லை, ஆனால் எண்ணெயில் போட்டால் வேகுமுன் கருகும்.

கேள்வி: முழுக் கிழங்கை ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து அவித்தால், எவ்வளவு நேரம் வைத்தும் நடுப்பகுதி நறுக்கென்று வேகாமல் இருக்கிறது.
— வாசகர், காங்கேயம்

பதில்: சர்க்கரைவள்ளி வெப்ப நாட்டுப் பயிர். சுமார் 12 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் பச்சைக் கிழங்கு குளிர்க்காயம் அடைகிறது, அதன் நடுப்பகுதி எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. அதைச் சரிசெய்ய வழியில்லை. கிழங்கைக் காற்றோட்டமான கூடையில், வெயில் படாத மூலையில் வையுங்கள். பச்சையாக ஃப்ரிட்ஜில் வைப்பதும், வெந்நீரில் போட்டெடுத்து ஃப்ரீசரில் உறைய வைப்பதும் முற்றிலும் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: சிறுவயதில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையில், அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கை அப்புச்சி உரித்துத் தருவார். தேன் வடிவதுபோல் இருக்கும். இன்று கடையில் விற்கும் உறைந்த சிப்ஸில் அந்த இனிப்பில் கால்பங்குகூட இல்லை. கிழங்கே மாறிவிட்டதா?
— வாசகர், கவுந்தப்பாடி

பதில்: ரகங்கள் மாறியிருப்பது உண்மைதான், ஆனால் இனிப்பு குறைந்ததற்கு முதற்காரணம் அடுப்பு. இந்தக் கிழங்கின் இனிப்பில் பெரும்பகுதி பச்சையில் இருப்பதில்லை, வேகும்போதுதான் பிறக்கிறது. கிழங்கில் அமைலேஸ் என்ற நொதி உண்டு. 65 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி இளகத் தொடங்குகின்றன. இளகிய மாவை அந்த நொதி மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டித் தள்ளுகிறது. 80 டிகிரியை நெருங்கும்போது நொதி செயலிழந்துவிடுகிறது. ஆகவே, இடைப்பட்ட அந்தப் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் கிழங்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அவ்வளவு இனிப்பு ஊறும். சாம்பலில் புதைத்த முழுக் கிழங்கின் மையம், தோலும் பருமனும் காப்பாக இருப்பதால், மிக மெதுவாகச் சூடேறி, அந்த எல்லையை நிதானமாகக் கடந்திருக்கிறது. வடிந்த தேன் என்று நீங்கள் நினைத்தது, மால்ட்டோஸ் கரைந்து பாகாகிக் கசிந்த நீர்.

தொழிற்சாலைச் சிப்ஸில் நடப்பது இதற்கு நேர்மாறு. மெல்லிய துண்டு, கொதிநீர், இரண்டொரு நிமிடம். நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. துண்டுகளில் ஏற்கெனவே இருந்த சர்க்கரையிலும் ஒரு பகுதி அந்த நீரில் கரைந்து போய்விடுகிறது. இது கவனக்குறைவால் நேர்வதன்று. சர்க்கரை மிகுந்தால் சிப்ஸ் கறுத்துக் கசக்கும் என்பதால் வேண்டுமென்றே செய்யப்படுகிறது. மொறுமொறுப்பும் தேன்போன்ற இனிப்பும் ஒரே துண்டில் முழுமையாகச் சேர்ந்து வாரா. ஒன்றைக் கூட்ட மற்றொன்றைக் குறைத்தே ஆக வேண்டும். இனிப்பு வேண்டுமென்றால் சுட்ட கிழங்கை நாடுங்கள். வீட்டு ஓவனில் தோலோடு, 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் போல வைத்தால், சாம்பலின் வாசனை வராவிட்டாலும், அந்தக் கசிவு கட்டாயம் வரும். மைக்ரோவேவில் ஐந்து நிமிடத்தில் வேகவைத்த கிழங்கு மாவாகவும் சப்பென்றும் இருப்பதும் இதே கணக்கால்தான்.

கேள்வி: சர்க்கரைவள்ளி கட்லெட் செய்து, உறைய வைத்து, அக்கம்பக்கத்தில் விற்கிறேன். எண்ணெயில் போட்டதும் பாதி வெடித்துப் பிளந்துவிடுகிறது. சோள மாவைக் கூட்டியும் பயனில்லை.
— வாசகி, நாமக்கல்

பதில்: கிழங்கைத் தண்ணீரில் மூழ்க வைத்து வேகவைக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த நீர் முழுவதும் மசியலில் தங்கி, எண்ணெயின் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியின்றி மேல்தோலைப் பிளக்கிறது. ஆவியில் அவித்தோ சுட்டோ எடுத்து, சூட்டோடு மசித்து, ஆவி அடங்கும்வரை அகலத்தட்டில் பரப்பி, பிறகு ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் வெந்த மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால், காலையில் மசியல் கையில் ஒட்டாமல் உருட்ட வரும்.

சோள மாவை மாற்றுங்கள். உறைந்து இளகும்போது சோள மாவின் பசை நீரைக் கக்கிவிடும். மரவள்ளி மாவின் பசை அதைவிட நன்றாக நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் இருப்பதோ குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் மண்ணில். சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கென 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல மரவள்ளி ஸ்டார்ச் உங்களுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கப் போகிறது? ஸ்டார்ச் கிடைக்காத நாளில், ஜவ்வரிசியை வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். ஒரு கிலோ மசியலுக்கு ஐம்பது, அறுபது கிராமில் தொடங்கி, கையின் பதம் பார்த்துக் கூட்டுங்கள். மிகுந்தால் கட்லெட் ரப்பர்போல் இழுக்கும்.

தடிமன் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மாவுக் கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டும்போது விளிம்பில் ஓரிடமும் விடுபடக் கூடாது. வெடிப்பு பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் தொடங்குகிறது. வாங்குபவர்களிடம், இளக வைக்காமல் மிதமான எண்ணெயில் நிதானமாகப் பொரிக்கும்படியும், ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள். தொழில் செய்பவர் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: திரும்ப உறைய வைத்தால் கெடுவது பதம் மட்டுமல்ல, வெளியில் இளகியிருந்த நேரத்தில் கிருமிகளும் பெருகியிருக்கும்.

கேள்வி: ஊதாச் சதைக் கிழங்கில் செய்து உறைய வைத்த உருண்டை, பொரித்தபின் பச்சை நிறமாகத் தெரிகிறது. கெட்டுவிட்டதா?
— வாசகி, கோவை

பதில்: கெடவில்லை. மாவில் ஆப்பச்சோடா சேர்த்திருப்பீர்கள். ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறும். சோடாவை விட்டுவிட்டு, மசிக்கும்போது சில துளி எலுமிச்சைச் சாறு சேருங்கள். ஆரஞ்சுச் சதைக் கிழங்கின் நிறம் கரோட்டினால் வருவது, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஒரே பையிலிருந்த சிப்ஸில் சில துண்டுகள் மட்டும் வேப்பங்காயாகக் கசக்கின்றன. கருகவும் இல்லை.
— வாசகர், தாராபுரம்

பதில்: கூன்வண்டு துளைத்த கிழங்கு கலந்திருக்கிறது. வண்டின் புழு குடையும்போது, கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. துளை இருக்கும் இடத்தை மட்டும் செதுக்கி எறிந்தால் போதாது, சுற்றியுள்ள சதையிலும் கசப்பு பரவியிருக்கும். உறைய வைப்பதாலோ பொரிப்பதாலோ அது போகாது. நறுக்கும்போதே மூக்கருகே வைத்துப் பாருங்கள், நல்ல கிழங்குக்கு இல்லாத ஒரு காட்டமான நெடி வரும். அப்படிப்பட்ட கிழங்கை முழுதாகவே ஒதுக்கிவிடுங்கள். உங்கள் ஊரில் மாடு இல்லாத வீடு குறைவு என்பதால் ஒரு வேண்டுகோள்: பூஞ்சணம் பிடித்த சர்க்கரைவள்ளியை மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் உருவாகும் நச்சு மாட்டின் நுரையீரலைத் தாக்கி, மூச்சுத் திணறலில் உயிரையே எடுக்கக்கூடியது.

கேள்வி: அத்தைக்கு எண்பது வயது, பல் இல்லை. பேரப்பிள்ளைகள் சிப்ஸ் தின்னும்போது அவரும் ஆசைப்படுகிறார். உறைந்த கிழங்கில் அவருக்கு ஏற்றதாக ஏதேனும் செய்ய முடியுமா?
— மருமகள், பவானி

பதில்: முடியும், இந்தக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கவுந்தப்பாடி வாசகருக்குச் சொன்னபடி, தோலோடு நிதானமாகச் சுட்ட கிழங்கை ஆற வைத்து, தனித்தனியாகத் தாளில் சுற்றி உறைய வையுங்கள். ஜப்பானில் சுட்ட சர்க்கரைவள்ளியை இப்படிக் குளிர வைத்துக் கோடைக்காலத்தில் உண்கிறார்கள். பொரிக்கும் துண்டில் நாம் வெறுக்கும் அதே சர்க்கரை இங்கே துணைக்கு வருகிறது: சர்க்கரை மிகுந்த நீர் முழுவதும் கல்லாக உறைவதில்லை, அதனால் சதை பாதி இளகும்போது குல்ஃபிபோல் கரண்டியால் எடுக்க வரும். நார் மிகுந்த ரகமாக இருந்தால் சுட்டவுடன் சல்லடையில் தேய்த்து, சிறு கிண்ணங்களில் நிரப்பி உறைய வையுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுட்ட கிழங்கு அவித்ததைவிட விரைவாக இரத்தச் சர்க்கரையை ஏற்றும். சளித் தொந்தரவு இல்லாத பகல் வேளையாகப் பார்த்து, உண்பதற்கு அரைமணி நேரம் முன்பாக வெளியில் எடுத்து வைத்து, நடுவில் விரலால் அழுத்தினால் பதியும் பதத்தில் தோலை உரித்துக் கொடுங்கள். வேறு இனிப்பு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை; ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி போதும்.